தலைமையின் குருட்டுப்புள்ளிகள்: எந்த வழியை முதலில் தேர்ந்தெடுப்பது?

ஒரு நிறுவனத்தையோ துறையையோ வழிநடத்துபவர், "என் கண்ணில் படாமல் என்ன நடக்கிறது? அடுத்து என்ன வரப்போகிறது?" என்று கேட்கத் தொடங்கினால் போதும், ஆலோசனைகள் வந்து குவியும். மேலதிகாரி, சகாக்கள், கீழே பணிபுரிபவர்கள் என எல்லாத் தரப்பினரும் தலைவரை மதிப்பிடும் 360 டிகிரி மதிப்பீடு வேண்டும் என்பார்கள் மனிதவளத் துறையினர். ராணுவப் பின்னணி உள்ளவர், எதிரியின் இடத்தில் நின்று நம் திட்டத்தைத் தாக்கிப் பார்க்கும் எதிரணி ஒன்றை அமைக்கச் சொல்வார். ஆலோசனை நிறுவனம் எதிர்காலச் சூழல்களை வரைந்து தர முன்வரும். திட்ட மேலாளர் பிரீமார்ட்டம் நடத்தலாம் என்பார், அதாவது திட்டம் தோற்றுவிட்டதாக முன்கூட்டியே கற்பனை செய்து காரணம் தேடும் பயிற்சி. ஊழியர்கள் அச்சமின்றிப் பிரச்சினைகளைத் தெரிவிக்க ஒரு வழி வேண்டும் என்று இன்னொருவர் சொல்வார். பெரும்பாலும் அந்த யோசனைதான் குறைவாகக் கவனிக்கப்படும்.

இவை அனைத்தையும் ஓர் ஆண்டுக்குள் செய்து முடிக்க எந்த அமைப்பாலும் முடியாது. முயன்றால் எல்லாமே சடங்காகிவிடும். ஒன்றையோ இரண்டையோதான் தேர்ந்தெடுக்க முடியும். என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கெட்ட செய்தி கீழிருந்து மேலே வரும் பாதையை முதலில் சரிசெய்யுங்கள். அதோடு, பெரிய முடிவுகளுக்கு மட்டும் பிரீமார்ட்டம் நடத்துங்கள். மற்றவை அதற்குப் பிறகுதான். ஏன் இந்த வரிசை என்று விளக்க வேண்டுமானால், தலைமை எதைக் காணத் தவறுகிறது என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். நோய் எதுவென்று தெரியாமல் மருந்துகளை ஒப்பிட முடியாது.

தெரியாததும், எட்டாததும், ஏற்காததும்

சில விஷயங்கள் அமைப்பில் எவருக்குமே தெரியாது. சில விஷயங்கள் கீழே வேலை செய்பவர்களுக்குத் தெரியும், தலைமைக்கு எட்டாது. இன்னும் சில தலைமைக்கே நன்றாகத் தெரியும், ஆனால் ஏற்றுக்கொள்ள மனம் வராது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். தீர்வுகளோ முற்றிலும் வேறானவை.

மூன்றாவது வகைக்கு கோடாக் நிறுவனத்தைச் சொல்லலாம். அதன் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975இலேயே டிஜிட்டல் கேமரா ஒன்றை உருவாக்கிக் காட்டினார். 1981இல் சோனி நிறுவனம் படச்சுருள் இல்லாத மாவிகா கேமராவை அறிவித்ததும், கோடாக்கின் சந்தை ஆய்வுப் பிரிவு வின்ஸ் பராபா தலைமையில் ஓர் ஆய்வு நடத்தியது. டிஜிட்டல் முறை படச்சுருளின் இடத்தைப் பிடிக்கக்கூடும், ஆனால் தயாராவதற்கு ஏறத்தாழ 10 ஆண்டுகள் இருக்கின்றன என்று அது சொன்னது. அந்தக் கணிப்பு பெருமளவு சரியாகவே இருந்தது. கையில் தகவலும் இருந்தது, காலமும் இருந்தது. ஆனாலும் 2012 ஜனவரியில் கோடாக் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் சென்றது. இத்தகைய நிறுவனத்துக்கு இன்னும் ஓர் எதிர்கால ஆய்வை எழுதிக் கொடுப்பதால் பயன் ஏதும் இல்லை.

இரண்டாவது வகையைச் சற்று நெருக்கத்தில் பார்ப்போம். 1986 ஜனவரி 27 இரவு. மறுநாள் காலை சேலஞ்சர் விண்ணோடம் புளோரிடாவிலிருந்து புறப்பட வேண்டும். கடும் குளிர் வரப்போவதாக வானிலைத் தகவல். திட எரிபொருள் ராக்கெட்டுகளைத் தயாரித்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், நாசா அதிகாரிகளுடன் நடந்த தொலைபேசிக் கூட்டத்தில் தங்கள் கவலையை வைத்தார்கள். ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துவிடும். 53 டிகிரி பாரன்ஹீட்டுக்கு, அதாவது சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்றார்கள். அவர்களில் ஒருவரான ரோஜர் பாய்ஸ்ஜோலி, முந்தைய ஆண்டு ஜூலையிலேயே இந்த வளையங்களைப் பற்றித் தன் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் எச்சரித்திருந்தார். நாசா தரப்பினர் கடுமையாக ஆட்சேபித்தார்கள். தயோகால் நிர்வாகிகள் அவகாசம் கேட்டு, தங்களுக்குள் தனியாகப் பேசினார்கள். பொறியாளராகச் சிந்திப்பதை விட்டு நிர்வாகியாகச் சிந்திக்கும்படி, பொறியியல் பிரிவின் தலைவரிடம் மூத்த நிர்வாகி ஒருவர் சொன்னார். சுமார் அரை மணி நேரத்தில் பரிந்துரை தலைகீழானது. மறுநாள் புறப்பட்ட 73ஆவது விநாடியில் விண்ணோடம் சிதறியது. அதில் இருந்த 7 பேரும் உயிரிழந்தார்கள்.

பின்னர் விசாரித்த ஆணையம் சொன்னதில் ஒன்று மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. ஏவலாம் என்று இறுதி முடிவெடுத்த உயர் அதிகாரிகளுக்கு, முந்தைய இரவில் பொறியாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்த விஷயமே தெரியாது. அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். செய்தி அவர்களிடம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

எவருக்குமே தெரியாத முதல் வகை உண்மையில் அரிது. பெரும் வீழ்ச்சிகளைப் பற்றிய விசாரணை அறிக்கைகளில் திரும்பத் திரும்பத் தென்படுவது, யாரோ ஒருவருக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதுதான். தலைவர்கள் பணத்தையும் நேரத்தையும் பெரும்பாலும் முதல் வகைக்கே செலவிடுகிறார்கள். எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவது இனிமையானது. தன் அறைக்கு ஏன் கெட்ட செய்தி வருவதில்லை என்று விசாரிப்பது அப்படி இல்லை.

கெட்ட செய்திக்கு ஒரு பாதை

1974 டிசம்பர் 1 அன்று, வாஷிங்டன் அருகிலுள்ள டல்லஸ் விமான நிலையத்தை நோக்கி வந்துகொண்டிருந்த டி.டபிள்யூ.ஏ. 514 விமானம் வர்ஜீனியாவில் ஒரு மலைச்சரிவில் மோதியது. 92 பேர் இறந்தார்கள். தரையிறங்கும் அனுமதியையும் வரைபடத்தையும் விமானிகள் ஒருவிதமாகப் புரிந்துகொண்டார்கள், தரைக் கட்டுப்பாட்டு அறையினர் வேறுவிதமாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். விசாரணையில் ஒரு விஷயம் வெளிவந்தது. சுமார் ஆறு வாரங்களுக்கு முன்பு, யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று அதே தடத்தில் அதே குழப்பத்தால் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்திருந்தது. மற்ற நிறுவனங்களின் விமானிகளுக்கு அந்த எச்சரிக்கை போய்ச் சேர வழி இருக்கவில்லை.

இதன் விளைவாக 1976இல் அமெரிக்காவில் விமானப் பாதுகாப்பு அறிக்கை முறை தொடங்கியது. அதன் அமைப்பு முறையை எந்தத் தலைவரும் கூர்ந்து படிக்க வேண்டும். அறிக்கைகளைப் பெறுவது, உரிமத்தைப் பறிக்கவோ அபராதம் விதிக்கவோ அதிகாரம் உள்ள விமானப் போக்குவரத்து நிர்வாகம் அல்ல. தண்டிக்கும் அதிகாரமே இல்லாத நாசா. அறிக்கை கொடுத்தவரை அடையாளம் காட்டும் விவரங்கள் நீக்கப்படுகின்றன. வேண்டுமென்றே செய்யாத விதிமீறலை 10 நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு, சில நிபந்தனைகளுடன் தண்டனையிலிருந்து விலக்கு கிடைக்கிறது. கிடைத்த பாடங்கள் விமானத் துறை முழுவதற்கும் திரும்பிச் செல்கின்றன.

பல நிறுவனங்களில் உள்ள புகார்ப் பெட்டிகளையும் அநாமதேயக் கணிப்புகளையும் இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புகாரைப் படிப்பவரே சம்பள உயர்வையும் தீர்மானிப்பவர். யார் எழுதியது என்று ஊகிப்பது ஒரு விளையாட்டாகவே நடக்கும். எழுதியதற்குப் பிறகு என்ன ஆனது என்று எவருக்கும் தெரியாது. இரண்டாவது முறை யாரும் எழுத மாட்டார்கள். இதைப் பார்த்துவிட்டு, 'எங்கள் ஊழியர்களிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை' என்று நிர்வாகம் முடிவுக்கு வருவதைக் காணும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

டொயோட்டா தொழிற்சாலைகளில் வேறொரு வடிவம் இருக்கிறது. உற்பத்தி வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் பிரச்சினை தென்பட்டால் ஒரு கயிற்றை இழுக்கலாம். உடனே குழுத் தலைவர் அவரிடம் வந்து சேருவார். அந்தக் கட்டம் முடிவதற்குள் சிக்கல் தீராவிட்டால் வரிசை நின்றுவிடும். கயிறு யார் வேண்டுமானாலும் வாங்கி மாட்டக்கூடிய பொருள். இழுத்தவரிடம் முதலில் வந்து சேருபவர் என்ன முகத்தோடு வருகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்த வழியின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். நம்பிக்கை மெதுவாகத்தான் வளரும். ஒரு காலாண்டில் பலன் எதிர்பார்க்க முடியாது. பயனற்ற தகவல்களும் நிறைய வரும், அவற்றைப் பிரித்தெடுக்கத் தகுந்த ஆள் வேண்டும். செய்தி கொண்டுவந்த ஒருவர் பழிவாங்கப்பட்டால் பல ஆண்டு உழைப்பு ஒரே நாளில் வீணாகும். மேலும், அமைப்புக்குள் இருப்பவர்களுக்குத் தெரிந்தது மட்டுமே இதில் வெளிவரும். வெளியுலகில் உருவாகிவரும் மாற்றம் எதுவும் இந்தப் பாதையில் வராது. இருந்தாலும் இதையே முதலில் வைக்கிறேன். இது இல்லாவிட்டால் மற்ற வழிகளும் வேலை செய்யாது. உண்மையைச் சொல்லப் பயப்படுபவர்கள் கூடும் அறையில் பிரீமார்ட்டம் நடத்தினாலும், எவரையும் புண்படுத்தாத காரணங்கள் மட்டுமே பலகையில் ஏறும்.

எதிர்வாதி, எதிரணி, பிரீமார்ட்டம்

இந்த மூன்றும் ஒரே வேலைக்கான மூன்று கருவிகள். கைக்கு வந்த திட்டத்தை நடைமுறைக்கு வருமுன் தாக்கிப் பார்ப்பதுதான் அந்த வேலை.

எதிர்வாதி முறை மிகப் பழையது. கத்தோலிக்கத் திருச்சபையில் ஒருவரைப் புனிதராக அறிவிக்கும் முன் அவருக்கு எதிரான வாதங்களை எடுத்துவைக்க ஒரு பதவியே இருந்தது. திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் 1587இல் அதை முறைப்படி நிறுவினார், 1983ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அதன் பங்கை வெகுவாகக் குறைத்தார். இன்று நிர்வாகக் கூட்டங்களில் "இந்த முறை நீங்கள் எதிர்த்துப் பேசுங்கள்" என்று ஒருவரை நியமிப்பது இதன் எளிய வடிவம். செலவே இல்லாதது. பலனும் பெரும்பாலும் அந்த அளவுதான். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் சார்லன் நெமெத் நடத்திய ஆய்வுகளில், உண்மையாகவே மாற்றுக் கருத்து கொண்ட ஒருவர் குழுவில் இருந்தால் மற்றவர்களின் சிந்தனை விரிந்தது. எதிர்ப்பவராக நடித்தவரால் அந்த அளவு விரியவில்லை. காரணம் ஊகிக்கக்கூடியதே. நடிக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். அவரைச் சமாளித்துவிட்டால் எதிர்ப்பைக் கேட்டுவிட்டோம் என்ற நிம்மதியும் கிடைத்துவிடுகிறது. கேட்காமலே இருப்பதைவிட அந்தப் பொய் நிம்மதி ஆபத்தானது என்பது என் கருத்து.

எதிரணி கனமான கருவி. தனிக் குழு, தனி நேரம், எதிரியாக இருந்து தாக்குவதற்கு முழு அனுமதி. கணினிப் பாதுகாப்புத் துறையில் இது அன்றாட நடைமுறை. ஆனால் தோல்வியைத் தலைமை ஏற்காவிட்டால் இதுவும் வீண். 2002இல் அமெரிக்க ராணுவம் 'மில்லேனியம் சேலஞ்ச்' என்ற மாபெரும் போர்ப் பயிற்சியை நடத்தியது. எதிர்ப்படைக்குத் தலைமை தாங்கிய ஓய்வுபெற்ற ஜெனரல் பால் வான் ரைப்பர், கண்காணிக்கப்படும் மின்னணுத் தொடர்புகளைத் தவிர்த்து மோட்டார் சைக்கிள் தூதர்களைப் பயன்படுத்தினார். சிறு படகுகளையும் ஏவுகணைகளையும் கொண்டு திடீர்த் தாக்குதல் நடத்தி, 16 கப்பல்களைப் பயிற்சிக் கணக்கில் மூழ்கடித்தார். அதற்குப் பிறகு பயிற்சி நிறுத்தப்பட்டது. மூழ்கிய கப்பல்கள் மீண்டும் மிதப்பதாக அறிவிக்கப்பட்டன. புதிய கட்டுப்பாடுகளுடன் பயிற்சி தொடர்ந்தது. வான் ரைப்பர் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். குருட்டுப்புள்ளியைக் கண்டுபிடிக்க அத்தனை செலவு செய்து, கண்டுபிடித்ததும் அதை அழித்தெழுதிவிட்டார்கள்.

பிரீமார்ட்டம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. உளவியலாளர் கேரி கிளைன் பரப்பிய முறை இது. திட்டம் தொடங்குமுன் குழுவைக் கூட்டி, "ஓராண்டு கழிந்துவிட்டது. இந்தத் திட்டம் படுதோல்வி அடைந்துவிட்டது. ஏன் தோற்றது என்று எழுதுங்கள்" என்று சொல்ல வேண்டும். தோற்குமா என்பது கேள்வி இல்லை. தோற்றுவிட்டது என்பது கொடுக்கப்பட்ட உண்மை. ஒவ்வொருவரும் சில நிமிடங்கள் தனியாக எழுதுகிறார்கள். பிறகு ஆளுக்கு ஒரு காரணமாகச் சுற்றில் படிக்கிறார்கள். ஒரு நிகழ்வு நடந்தே விட்டது என்று உறுதியாக எண்ணிக்கொள்ளும்போது காரணங்கள் கூடுதலாகத் தோன்றுகின்றன என்பதை 1989இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. வழக்கமான கூட்டத்தில் குறை சொல்பவர் விசுவாசமற்றவராகத் தெரிவார். இங்கே குறை சொல்லாதவர்தான் சிந்திக்காதவராகத் தெரிவார். ஒரே ஒரு வாக்கியம் அறையின் மரியாதைக் கணக்கையே மாற்றிவிடுகிறது.

நடத்தும்போது இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். தலைவர் தன் காரணத்தைக் கடைசியில்தான் படிக்க வேண்டும். முதலில் படித்தால் மற்றவர்கள் அதையொட்டியே பேசுவார்கள். வெளிவந்த காரணங்களில் இரண்டு மூன்றையாவது எடுத்து, திட்டத்தில் என்ன மாறுகிறது, யார் பொறுப்பு என்று அந்த அறையிலேயே எழுதிவிட வேண்டும். எதுவும் மாறாமல் முடிந்தால் அடுத்த முறை காகிதங்கள் வெறுமையாகவே வரும்.

தலைவர் பின்வாங்கி நிற்பது எவ்வளவு பெரிய மாற்றத்தைத் தரும் என்பதற்கு அமெரிக்க அதிபர் கென்னடியின் இரண்டு முடிவுகளே சான்று. 1961 ஏப்ரலில் அமெரிக்க ஆதரவுடன் கியூபாவின் பன்றி வளைகுடாவில் நடந்த படையெடுப்பு சில நாட்களில் படுதோல்வியில் முடிந்தது. ஆலோசகர் ஆர்தர் ஷ்லெசிங்கர் அதை எதிர்த்துக் குறிப்பு எழுதியிருந்தும், கூட்டங்களில் அழுத்தமாகப் பேசவில்லை. 1962 அக்டோபரில், கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரிந்து நெருக்கடி வந்தபோது கென்னடி நடைமுறையை மாற்றினார். சில கூட்டங்களில் தானே கலந்துகொள்ளவில்லை. ஆலோசகர்கள் பதவி வரிசை பாராமல் வாதிட்டார்கள், மாற்று வழிகளைத் தனித்தனியே எழுதி ஒன்றையொன்று விமர்சித்தார்கள். தொடக்கத்தில் வலுவாக இருந்த வான்வழித் தாக்குதல் யோசனை பின்தள்ளப்பட்டு, கடல் முற்றுகை தேர்ந்தெடுக்கப்பட்டது. தலைவர் அதே தலைவர். இடைப்பட்ட காலம் 18 மாதங்கள்.

எதிர்காலத்தை வரைவதா, கணிப்பதா?

வருங்காலத்துக்குத் தயாராக வேண்டும் என்றதும் நிபுணர் ஒருவரை அழைத்துக் கணிப்பு கேட்பது வழக்கம். இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. உளவியலாளர் பிலிப் டெட்லாக் 284 நிபுணர்களின் அரசியல், பொருளாதாரக் கணிப்புகளை ஏறத்தாழ 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2005இல் முடிவுகளை வெளியிட்டார். எளிய இயந்திரத்தனமான விதிகளைக்கூட அவர்களால் பெரும்பாலும் வெல்ல முடியவில்லை. புகழ் பெற்றவர் கூடுதலாகச் சரியாகச் சொல்வார் என்பதற்கும் அதில் ஆதாரம் இல்லை.

சூழல் வரைவு இதைவிட நேர்மையானது. எது நடக்கும் என்று சொல்லாமல், ஒன்றுக்கொன்று மாறான சில எதிர்காலங்களை எழுதி, ஒவ்வொன்றிலும் நாம் என்ன செய்வோம் என்று கேட்கிறது. இதில் பெயர் பெற்றது ஷெல் எண்ணெய் நிறுவனம். பியர் வாக் தலைமையிலான குழு 1970களின் தொடக்கத்தில், எண்ணெய் வளம் உள்ள நாடுகள் விலையைக் கடுமையாக உயர்த்தக்கூடிய ஒரு சூழலை நிர்வாகிகள் முன் வைத்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய் ஏற்றுமதித் தடை வந்தது. சில மாதங்களில் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. போட்டி நிறுவனங்களைவிட ஷெல் விரைவாகத் தன்னை மாற்றிக்கொண்டது.

இந்த வெற்றிக் கதையைச் சொல்பவர்கள் ஒரு பகுதியை விட்டுவிடுகிறார்கள். வாக் குழு முதலில் வரைந்த சூழல்கள் பயன்படவில்லை. எல்லோருக்கும் முன்பே தெரிந்த நிச்சயமின்மைகளைத்தான் அவை அழகாக அடுக்கியிருந்தன. படித்துவிட்டு நிர்வாகிகள் பழையபடியே முடிவெடுத்தார்கள். நிர்வாகிகளின் மனத்தில் இருக்கும் உலகப் படத்தை மாற்றாத வரை சூழல் வரைவால் பயனில்லை என்பதை வாக் அதிலிருந்துதான் கற்றார். அடுத்த சுற்றில், இதுவரை இருந்தபடியே இனியும் தொடரும் என்று நம்ப வேண்டுமானால் எத்தனை அதிசயங்கள் ஒருசேர நடக்க வேண்டும் என்பதைக் காட்டினார்.

வரைந்தும் பயன்படாமல் போனதற்கு நியூ ஆர்லியன்ஸ் வேதனையான எடுத்துக்காட்டு. 2004 ஜூலையில் அந்த நகரைப் பெரும்புயல் தாக்குவதாக வைத்து 'பேம் புயல்' என்ற பயிற்சியை அமெரிக்க அதிகாரிகள் நடத்தினார்கள். கரைகளைத் தாண்டி வெள்ளம் புகும், லட்சக்கணக்கானோர் வெளியேற வேண்டியிருக்கும் என்பதெல்லாம் அதில் பேசப்பட்டது. அதிலிருந்து எழுந்த திட்டங்கள் முழுமை பெறாத நிலையிலேயே, 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் வந்தது.

சூழல் வரைவுக்குக் காலம் பிடிக்கும், திறமையான ஆட்கள் வேண்டும், தலைமை பல நாட்கள் நேரில் அமர வேண்டும். முதலீடு ஒன்று 10, 20 ஆண்டுகள் கட்டிப்போடும் துறைகளில், அதாவது எரிசக்தி, உட்கட்டமைப்பு, மருந்து, கல்வி போன்றவற்றில், அந்தச் செலவு தகும். திட்டத்தைச் சில மாதங்களில் திருத்திக்கொள்ளக்கூடிய அமைப்புக்குத் தகாது. விரைவாகத் திருத்தும் பழக்கமே அதற்குப் போதுமான தயாரிப்பு.

360 டிகிரி மதிப்பீடு

இதன் எல்லை சிறியது. தலைவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைத்தான் காட்டும், எதைக் காணத் தவறுகிறார் என்பதைக் காட்டாது. மற்றவர்களிடம் உள்ள சார்பு நமக்கு எளிதில் தெரிகிறது, நம்முடையது தெரிவதில்லை என்பதை எமிலி புரோனினும் சக ஆய்வாளர்களும் 2002இல் காட்டினார்கள். ஆகவே பிறர் கண்ணால் தன்னைப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் குளூகர், டெனிசி இருவரும் 1996இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கருத்துரை கொடுத்த நேர்வுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் செயல்திறன் குறைந்திருந்தது. கருத்துரை வேலையை விட்டு ஆளைக் குறிவைக்கும்போது இது நேர்கிறது. ஒரே ஒரு சூழ்நிலையில் மட்டும் இதை முன்னுக்குக் கொண்டுவருவேன்: கெட்ட செய்தி வராததற்குத் தலைவரின் கோபமோ கிண்டலோதான் காரணம் என்ற சந்தேகம் இருந்தால். அப்போதும் முழு வினாப்பட்டியல் வேண்டாம். "என்னிடம் எதைச் சொல்லத் தயங்குகிறீர்கள்?" என்ற ஒரு கேள்வியை, நம்பிக்கைக்குரிய வெளியாள் ஒருவர் மூலம் கேட்டால் போதும்.

வரிசை எப்போது மாறும்?

பத்துப் பேர் ஒரே அறையில் வேலை செய்யும் அமைப்பில் தனி அறிக்கை முறை தேவையில்லை. யார் எழுதியது என்பதும் மறையாது. அங்கே பிரீமார்ட்டத்திலிருந்தே தொடங்கலாம். மனித உயிரோ பிறர் பணமோ சம்பந்தப்பட்ட இடங்களிலும், வேண்டுமென்றே தாக்க ஆள் இருக்கும் துறைகளிலும் எதிரணி அவசியம். அது கண்டுபிடிப்பதை மேலே உள்ள நிர்வாகியைத் தாண்டி இயக்குநர் குழுவிடம் நேராகக் கொண்டுசெல்லும் உரிமையும் அதற்கு வேண்டும்.

தெரிந்தும் ஏற்க மறுக்கும் நிலைக்கு மேலே சொன்ன எதுவும் முழுத் தீர்வு ஆகாது. அதற்கு நான் அறிந்தவற்றில் சிறந்தது இன்டெல் நிறுவனத்தில் 1985இல் நடந்த ஒரு சிறு உரையாடல். நினைவகச் சில்லுத் தொழிலில் ஜப்பானிய நிறுவனங்களிடம் தோற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தத் தொழிலில்தான் இன்டெல் பிறந்தது, விட மனமில்லை. நம்மை நீக்கிவிட்டுப் புதிய தலைவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார் என்று, நிறுவனத்தை வழிநடத்திய இருவரில் ஒருவரான ஆண்டி குரோவ், மற்றவரான கார்டன் மூரிடம் கேட்டார். நினைவகத் தொழிலை விட்டு வெளியேறுவார் என்றார் மூர். அப்படியானால் அதை நாமே ஏன் செய்யக் கூடாது என்றார் குரோவ். இன்டெல் நுண்செயலிகளின் பக்கம் முழுமையாகத் திரும்பியது.

இந்தக் கேள்வியை ஆண்டுக்கு ஒருமுறை, வரவு செலவுத் திட்டம் எழுதுவதற்கு முன் கேட்பது நல்லது. எழுதிய பிறகு கேட்டால், ஒதுக்கிய பணத்தைக் காப்பாற்றும் பதில்கள்தான் வரும். அதே நாளில், கடந்த ஓராண்டில் தலைமைக்கு வந்து சேர்ந்த கெட்ட செய்திகள் எவை, ஒவ்வொன்றும் யாரிடமிருந்து எத்தனை நாள் தாமதமாக வந்தது என்று ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பட்டியல் மிகக் குறுகியதாக இருந்தால் சூழல் வரைவுக்கு ஒதுக்க நினைத்த தொகையை அப்படியே அறிக்கைப் பாதைக்கு மாற்றிவிடலாம். பட்டியல் நீளமாக, தாமதமும் குறைவாக இருந்தால், பாதை ஏற்கெனவே நன்றாக வேலை செய்கிறது. சூழல் வரைவைத் தாராளமாகத் தொடங்கலாம்.